கோழிகளின் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உறைபனி இறங்கிய காலையில் கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறார்கள். தட்டு நிறையத் தண்ணீர் இருக்கும். அதைச் சுற்றி நிற்கும் கோழிகள் அலகால் கொத்த, டக் டக்கென்று கல்லைத் தட்டுகிற சத்தம் வரும். அன்றைக்கே எனக்கு போன் வந்துவிடும். வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

ஒரு கோழி ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கும்? குளிர்ல அவ்வளவு தேவைப்படாதே?

முட்டையிடும் பெட்டைக்கோழி ஒன்றுக்கு ஏறக்குறைய கால் லிட்டர். தின்னும் தீனியின் எடையைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு கோழி இருந்தால் ஒன்றரை லிட்டர். கொளுத்தும் வெயிலில் இது இரட்டிப்பாகும்.

குளிரில் தாகம் குறையும் என்பது பாதிதான் சரி. உடம்புச் சூட்டைக் காக்கக் கோழி குளிரில் கூடுதலாகத் தின்னும். காய்ந்த தீனி உள்ளே போகப் போக, அதை ஊறவைக்கத் தண்ணீரும் வேண்டும்.

ஒரு நாள் தண்ணி இல்லைன்னா செத்தா போயிடும்?

சாகாது. ஆனால் தண்ணீர் நின்றதும் தீனியும் நிற்கும், அடுத்து முட்டை நிற்கும். ஓட்டுக்குள் இருக்கும் முட்டையில் நாலில் மூன்று பங்கு தண்ணீர்தான். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரே கிடைக்காமல் போனால் சில கோழிகள் இறகை உதிர்த்துக்கொண்டு வாரக்கணக்கில் முட்டையை மறந்துவிடும்.

என் முதல் குளிர்காலத்தில் முட்டை பாதியாகக் குறைந்தபோது நான் தீனியைத்தான் சந்தேகப்பட்டேன். காலையில் தண்ணீர் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். இருட்டிய பிறகு வந்து பார்த்தால் உறைந்திருக்கும். சாயங்காலக் குளிரில் உறைந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு விடுமுறை நாளில் பத்து மணிக்கு எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அப்போதே மேலே கண்ணாடி மாதிரி மூடியிருந்தது. அவ்வளவு நாளும் கோழிகள் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் குடித்ததோடு சரி.

ராத்திரி முழுக்க உறையாம இருக்க என்ன செய்யணும்?

ஒன்றும் செய்ய வேண்டாம். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. பரணில் ஏறி உட்கார்ந்தால் விடிந்த பிறகுதான் இறங்கும். ராத்திரித் தண்ணீர் அதற்குத் தேவையே இல்லை. இருட்டியதும் தட்டை எடுத்துக் கவிழ்த்து வையுங்கள், அல்லது வீட்டுக்குள் கொண்டுபோங்கள். தூங்குகிற கோழிக்காகத் தண்ணீரைச் சூடாக்கிக் கரண்டை வீணாக்குபவர்கள்தான் அதிகம்.

கூண்டுக்குள் இரவில் தண்ணீர் இல்லாமல் இருப்பது நல்லதும்கூட. அடைத்த கூண்டில் ஈரப்பதம் ஏறினால் கொண்டையிலும் தாடியிலும் ஈரம் படிந்து பனிக்கடி வரும், அதாவது அந்தச் சதை குளிரில் உறைந்து செத்துப்போகும். வெறும் குளிரைவிட ஈரத்தோடு சேர்ந்த குளிர்தான் கோழிக்கு ஆபத்து. அதற்காகத்தான் குளிர்காலத்திலும் கூண்டின் மேல்பக்கம் காற்றுப் போக்கி திறந்திருக்க வேண்டும் என்கிறோம்.

அப்போ பகல்ல எத்தனை தடவை மாத்தணும்?

மூன்று வேளை முக்கியம். பரணிலிருந்து இறங்கியதும் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, பரணேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு தடவை. கடைசி வேளையை விட்டுவிடாதீர்கள். கோழி ராத்திரிக்குத் தீனிப்பையை நிரப்பிக்கொள்கிற நேரம் அது. தூங்கப் போகும் கோழியின் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து மெத்தென்று இருந்தால் தண்ணீர் போதுமான அளவு போயிருக்கிறது. காய்ந்த மணலைக் கட்டிவைத்த மாதிரி கெட்டியாக இருந்தால் போதவில்லை.

கொஞ்சம் கணக்கும் தெரிந்திருந்தால் நல்லது. 0 டிகிரியில் இருக்கும் தண்ணீர் முழுசாக உறைய, 80 டிகிரியிலிருந்து 0 வரை ஆறுவதற்கு எவ்வளவு வெப்பம் வெளியேற வேண்டுமோ அவ்வளவு வெளியேற வேண்டும். அதனால் தட்டு அடிவரை கல்லாக நேரம் பிடிக்கும். ஆனால் கோழிக்கு அதனால் பயனில்லை. மேலே மெல்லிய ஓடு கட்டினாலே குடிக்க முடியாது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தது லேசாகி மேலே வந்துவிடும். உறைவது எப்போதும் மேலிருந்து தொடங்குவது அதனால்தான். உங்கள் தட்டுக்கு எத்தனை மணி நேரம் என்பதை ஒரு நாள் அரை மணிக்கொரு தடவை பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர் ஊருக்கு மட்டுமல்ல, கூண்டின் மூலைக்கு மூலை அது மாறும்.

சுடுதண்ணி ஊத்தினா பச்சத் தண்ணியைவிடச் சீக்கிரம் உறையும்னு சொல்றாங்களே, நிஜமா?

இந்தப் பேச்சுக்கு ஒரு பெயரே உண்டு, எம்பெம்பா விளைவு. 1963இல் தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவர் ஐஸ்கிரீம் செய்யும்போது இதைக் கவனித்தார். பிறகு இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னோடு சேர்ந்து 1969இல் கட்டுரையாக வெளியிட்டார். சோதனைக்குச் சோதனை முடிவு மாறுவதால் விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோழித் தட்டு விஷயத்தில் நான் பார்த்தவரை வெதுவெதுப்பான தண்ணீர் தாமதமாகத்தான் உறைகிறது.

கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கோழி வாயைச் சுட்டுக்கொள்ளும். அதைவிட, குனிந்து குடிக்கும்போது ஆவி கொண்டையில் படிந்து ஈரமாகும். அந்த ஈரம் என்ன செய்யும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

எந்தப் பாத்திரம் நல்லது?

கரண்ட் இல்லாத கூண்டுக்கு கறுப்பு ரப்பர் தொட்டிக்கு நிகர் எதுவும் இல்லை. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பிளாஸ்டிக் குடுவை அதைத் தாங்காமல் கீறல் விடும். கண்ணாடியும் மண்சட்டியும் அப்படியே. ரப்பர் வளைந்து கொடுக்கும். கவிழ்த்துப் போட்டு அடியில் ஒரு மிதி மிதித்தால் ஐஸ் ஒரே வில்லையாகக் கழன்று விழும். உள்ளே ஒரு இறகும் நாலு வைக்கோலும் அப்படியே பதிந்து கிடக்கும். கறுப்பு நிறம் என்பதால் பகலில் வெயில் படும் இடத்தில் வைத்தால் சூட்டையும் கொஞ்சம் இழுக்கும்.

இரண்டு தொட்டி வாங்குங்கள். ஒன்று கூண்டில் இருக்கும்போது இன்னொன்று வீட்டுக்குள் ஐஸ் இளகிக்கொண்டிருக்கட்டும். பத்துக்கும் குறைவான கோழிகளுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. கீழே வரும் கருவிகளெல்லாம் இதைச் செய்ய நேரமில்லாதவர்களுக்கு.

சுத்தி தெர்மாகோல் வச்சுட்டா போதாதா?

தெர்மாகோல் சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூடு தப்பிப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்ந்தால் நல்ல பலன் உண்டு. ஆனால் கோழிக்குத் தெர்மாகோலைக் கண்டால் என்ன ஆசையோ, கொத்தித் தின்றுவிடும். மேலே பலகையோ தகரமோ போட்டு ஒரு துளியும் தெரியாமல் மூடுங்கள். பழைய டயருக்குள் வைக்கோலை இறுக்கி அடைத்து நடுவில் தொட்டியை இறக்குவது இன்னும் எளிது.

தட்டின் வாய் அகலமாக இருந்தால் சூடு அந்த வழியாகத்தான் போகும். அகலமான ஆழமில்லாத தட்டைவிட, ஒடுங்கிய ஆழமான பாத்திரம் நேரம் தாங்கும். காற்று வீசாத மூலையில் வைப்பதும் முக்கியம்.

பிங்பாங் பந்து மிதக்கவிட்டா உறையாதாமே? உப்புத் தண்ணி பாட்டில் போட்டாலும் உறையாதுன்னு வீடியோவுல பார்த்தேன்.

பந்து காற்றில் ஆடினால் மேற்பரப்பு கொஞ்சம் கலங்கும். பூச்சியத்தை ஒட்டிய குளிரில் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். கடுங்குளிரில் பந்து ஐஸுக்குள் சிக்கி நிற்கும், அழகாக இருக்கும்.

உப்பு பாட்டில் கதையில் ஒரு உண்மையும் ஒரு தவறும் கலந்திருக்கின்றன. கரையும் மட்டும் உப்பைக் கரைத்த தண்ணீர் ஏறக்குறைய -21 டிகிரி வரை உறையாது, உண்மை. ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது உறையாது என்பதற்காக வெளியே இருப்பதும் உறையாது என்று ஆகிவிடாது. பாட்டில் சூடு எதையும் தருவதில்லை. அதுவும் பந்தைப் போல மிதந்து ஆடுகிறது, அவ்வளவே. மூடி கசிந்தால் உப்பு குடிதண்ணீரில் இறங்கும் என்பதால் நான் வைப்பதில்லை.

அப்போ தண்ணியிலேயே கொஞ்சம் உப்போ சர்க்கரையோ வினிகரோ கலந்துட்டா?

வேண்டாம். கடல்நீரே -2 டிகிரிக்குச் சற்று முன்னால் உறையத் தொடங்கிவிடும். அந்த அளவு உப்பைக் கோழி குடித்தால் பிழைக்காது. சர்க்கரை லிட்டருக்கு 180 கிராம் கரைத்தாலும் உறைநிலை ஒரு டிகிரிதான் இறங்கும். வினிகர் இரண்டு மூடி ஊற்றினால் கணக்கில் வராது. துத்தநாகம் பூசிய இரும்புப் பாத்திரமாக இருந்தால் அந்தப் பூச்சை அரித்துத் தண்ணீரில் கரைக்கும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், அதுவும் இனிப்பான விஷம். அந்த டப்பா கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

தரையெல்லாம் பனி கொட்டிக் கிடக்கே. அதைத் தின்னுக்காதா?

தின்னும், ஆசையாகவே தின்னும். ஆனால் கால் லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் புதுப் பனி வேண்டும். அதை உருக்கி உடம்பின் 41 டிகிரிக்குக் கொண்டுவர 30 கலோரி செலவாகும். ஒரு பெட்டையின் ஒரு நாள் தேவையே சுமார் 300 கலோரிதான். பத்தில் ஒரு பங்கு தீனி பனியை உருக்கவே போய்விடும். பனியில் விளையாட்டாகக் கொத்தட்டும், ஆனால் அதையே குடிதண்ணீர் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

கரண்ட் ஹீட்டர் வாங்கலாம்னு இருக்கேன். எத்தனை வாட்?

கூண்டு வரை கரண்ட் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இரண்டு வகை உண்டு. அடியிலேயே கம்பி பதித்த கிண்ணம் பெரும்பாலும் 25 முதல் 60 வாட். குடுவையை மேலே தூக்கி வைக்கும் ஹீட்டர் பீடம் 125 வாட் வரை போகும். எதுவானாலும் சூட்டைப் பார்த்துத் தானே அணைந்து எரியவைக்கும் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பாருங்கள். தண்ணீரைக் காய்ச்ச வேண்டியதில்லை, பூச்சியத்துக்குச் சற்று மேலே நிறுத்தினால் போதும். குளிர்ந்த தண்ணீரைக் கோழி மறுக்காது. 60 வாட் கிண்ணம் பகல் ஒன்பது மணி நேரம் விடாமல் ஓடினால்கூட அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும்.

பீடம் வாங்கும்போது அது உலோகக் குடுவைக்கா, பிளாஸ்டிக்குக்கா என்று பெட்டியில் படியுங்கள். உலோகத்துக்கென்று செய்ததன் மேல் பிளாஸ்டிக்கை வைத்தால் அடி உருகி ஒட்டிக்கொள்ளும்.

அதுக்கு ஒரு பல்பைத் தொங்கவிட்டா செலவு மிச்சம்தானே?

குஞ்சுகளுக்குப் போடும் 250 வாட் சிவப்பு பல்பைத்தானே சொல்கிறீர்கள்? காய்ந்த வைக்கோல், மிதக்கும் தூசி, பறந்து மோதும் கோழி, இவற்றுக்கு நடுவே ஒரு கொக்கியில் தொங்கும் நெருப்பு அது. கூண்டு எரிந்த கதைகளில் பெரும்பாலும் இந்த பல்புதான் வரும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சில வெப்ப பல்புகள் உடையாமலிருக்க ஒட்டாத பாத்திரங்களுக்குப் போடும் அதே வகைப் பூச்சைப் பூசியிருப்பார்கள். சூடேறும்போது வரும் புகை பறவையின் நுரையீரலுக்கு விஷம்.

கவிழ்த்த தகர டப்பாவுக்குள் 40 வாட் குண்டு பல்பை வைத்து, மேலே உலோகக் குடுவையை வைப்பார்கள். அது வேலை செய்யும். ஆனால் டப்பாவுக்குள் தண்ணீர் கசியாமலும் வைக்கோல் நுழையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்ஈடி பல்பு போட்டுவிட்டு "சூடே வரலையே" என்று கேட்டவர்கள் மூன்று பேர். வீணாகும் சூடு குறைவு என்பதற்காகத்தானே எல்ஈடியே வந்தது.

வயர் இழுக்கும்போது எதைக் கவனிக்கணும்?

வெளிப்புறத்துக்கான தடித்த வயர், மின்கசிவு வந்தால் தானே அணையும் ட்ரிப் ஸ்விட்ச், இணைப்பு தரையில் கிடக்காமல் உயரத்தில் மூடிய பெட்டிக்குள். வயர் பிளக்கை அடையும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கூண்டுக்குள் வரும் பகுதியைக் குழாய்க்குள் விடுங்கள், கோழியும் கொத்தும், எலியும் கடிக்கும்.

நிப்பிள் ட்ரிங்கர் போட்டிருக்கேன். வாளியில தண்ணி உறையலை, ஆனா நிப்பிள் மட்டும் அடைச்சுக்குது. ஏன்?

நிப்பிள் என்பது கோழி அலகால் தட்டினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் சின்ன முனை. அதற்குள் இருப்பது ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு உலோக ஊசியும். வாளியின் சூடு அதுவரை வருவதற்குள் வெளிக்குளிர் ஊசி வழியாக உள்ளே போய்விடுகிறது. வாளியின் அடியில் தொங்கும் செங்குத்து நிப்பிளில் இது அதிகம், ஏனென்றால் ஊசி நுனியில் எப்போதும் ஒரு சொட்டு நிற்கும். வாளியின் பக்கவாட்டில் பொருத்தும் கிடைமட்ட நிப்பிள் நன்றாகத் தாங்கும். அதன் உள்முனை வாளித் தண்ணீரைத் தொட்டபடி இருப்பதால் உள்ளே ஒரு சிறிய ஹீட்டரை மூழ்கவிட்டால் அந்தச் சூடு நிப்பிளுக்கும் வரும்.

மீன்தொட்டி ஹீட்டரைப் போடலாமா என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். போடலாம், ஆனால் அது எப்போதும் முழுசாக மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் இறங்கிக் கண்ணாடிக் குழாய் வெளியே தெரிந்தால் வெடித்துவிடும். வாளியில் பாதி அளவில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே இறங்க விடாதீர்கள். நீண்ட குழாய் வழியாக வரிசையாக நிப்பிள் வைத்திருப்பவர்கள், சின்ன பம்பு போட்டுத் தண்ணீரைச் சூடான வாளிக்கும் குழாய்க்கும் சுற்றிச் சுற்றி ஓடவிட வேண்டும். ஹீட்டர் இல்லாமல் பம்பு மட்டும் ஓடினால் கொஞ்சம் தாமதமாகும், உறைவது நிற்காது.

கரண்ட் இல்லை. சோலார்ல ஹீட்டர் ஓட்டலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 வாட், ஒன்பது மணி நேரம், 450 வாட்-மணி. 12 வோல்ட் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் குறைந்தது 75 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். குளிரில் பேட்டரியின் கொள்ளளவும் குறையும். லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. போதாததற்கு, வெயில் மிகக் குறைவாக வரும் மாதங்களில்தான் இது தேவைப்படுகிறது, பேனல் மேல் பனியும் மூடும். முடியாது என்றில்லை. ஆனால் இரண்டு ரப்பர் தொட்டி செய்யும் வேலைக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெப்பமானியில 2 டிகிரி காட்டுது. ஆனா தட்டுல ஐஸ். வெப்பமானி கெட்டுப்போச்சா?

வெப்பமானி நன்றாகத்தான் இருக்கும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் திறந்த தட்டு தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும். அதனால் தண்ணீர் சுற்றியுள்ள காற்றைவிட அதிகம் குளிர்ந்துபோகும். காற்று 2 டிகிரியில் இருந்தாலும் புல்லில் உறைபனி படிகிறதே, அதே சங்கதி. மேலே ஒரு கூரை இருந்தால் இது நடக்காது. காற்றடிப்பது வேறு விஷயம். காற்று தண்ணீரை விரைவாக ஆறவைக்கும், ஆனால் காற்று 2 டிகிரியில் இருக்கும்போது தட்டை உறையவைப்பது பெரும்பாலும் திறந்த வானம்தான்.

முட்டைக்காக விடியக்காலை நாலு மணிக்கே டைமர்ல லைட் போடறேன். ராத்திரித் தண்ணி வேண்டாம்னு சொன்னீங்களே?

லைட் போட்ட நிமிஷத்திலிருந்து கோழிக்கு அது பகல். இறங்கித் தின்னும், குடிக்கத் தேடும். அந்த நேரத்தில் குளிரும் கடுமையாக இருக்கும். ஆகவே உங்களுக்கு மட்டும் ஹீட்டர் கட்டாயம், அதையும் ஒரு டைமரில் லைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஓடும்படி மாட்டுங்கள். ஏற்கெனவே உறைந்ததை உருக்க அந்த ஒரு மணி நேரம் போதாது என்பதால் முந்தின சாயங்காலமே கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, மூடிபோட்ட, சூடு தாங்கும் குடுவையில் காலைத் தண்ணீரைப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் யார் எழுந்து ஊற்றுவது? நாலு மணிக்கு எழ முடியாதவர்கள் ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓடவிடுவதே மேல். கூண்டின் காற்றுப் போக்கி மட்டும் திறந்திருக்கட்டும்.

சேவலோட தாடி நுனி கறுத்துப்போச்சு. தண்ணியாலயா?

பெரும்பாலும் ஆம். நீளத் தாடியுள்ள சேவல் அகலமான தட்டில் குடிக்கும்போது தாடி தண்ணீரில் தோயும், வெளியே வந்ததும் உறையும். கறுத்த இடத்தைத் தேய்க்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், வெட்டவும் வேண்டாம். தானே காய்ந்து உதிரும், அதுவரை அடியிலுள்ள சதையை அது மூடிக் காக்கும். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தட்டின் மேல் சின்ன ஓட்டை போட்ட பலகையை வைத்தால் அலகு மட்டும் உள்ளே போகும், தாடி வெளியே நிற்கும். கிடைமட்ட நிப்பிளுக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை.

வாத்தும் சேர்த்து வச்சிருக்கேன்.

வாத்துக்கு மூக்குத் துளை முழுகுமளவு ஆழம் வேண்டும், எனவே அதற்குத் தனித் தொட்டி. அதைக் கூண்டுக்கு வெளியே, கோழிகளுக்குத் தூரமாக வையுங்கள். வாத்து தெறிக்கும் தண்ணீரில் வைக்கோல் முழுக்க ஈரமாகி, ஈரம் பற்றி மேலே சொன்னதெல்லாம் ஒரே நாளில் நடக்கும்.

நாலு நாள் வெளியூர் போகணும். ஹீட்டர் இருக்கு, வாளி நிறையத் தண்ணி இருக்கு. நம்பிப் போகலாமா?

போகாதீர்கள். கரண்ட் போகும், ட்ரிப் ஸ்விட்ச் விழும், கோழி பிளக்கை மிதிக்கும். கடுங்குளிரில் எனக்கு ஒரு முறை ட்ரிப் ஸ்விட்ச் விழுந்து, மறுநாள் மதியம் வரை தெரியவே இல்லை. பக்கத்து வீட்டில் யாரிடமாவது தினம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். "தண்ணி இருக்கா பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், எட்டிப் பார்த்து "இருக்கு" என்பார்கள். விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் தொட்டி இரண்டையும், ஐஸை மிதித்துக் கழற்றும் விதத்தையும் கிளம்பும் முன் காட்டிவிட்டுப் போங்கள்.